மூன்று பேர் உள்ள வீட்டுக்கு எந்த கிரில்? ஸ்மோக்கர் தனியாகத் தேவையா?

சிராங்கூன்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு பழைய தரைவீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். நான், மனைவி, அம்மா, மூன்று பேர்தான். பின்கட்டில் சிமெண்ட் தரை போட்ட கொஞ்சம் இடம். பாதிக்குத் தகரக் கூரை, மீதி திறந்தவெளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்தவரை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அடுப்பு முன்பதிவு செய்துதான் பார்பெக்யூ. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கும் ஆசை.

அடிக்கடி சமைக்கப்போவது கோழி. சில நேரம் மீன். எப்போதாவது ஆட்டுத் தோளோ தொடையோ புகையில் நிதானமாக வேகவைக்க வேண்டும். அம்மா வெள்ளிக்கிழமை சைவம். கடையில் மூன்று பார்த்தேன்: 57 செ.மீ. உருண்டை கரி கிரில், 47 செ.மீ. உயர உருளை ஸ்மோக்கர் (உள்ளே தண்ணீர்த் தட்டு வைப்பது), இரண்டு பர்னர் கேஸ் கிரில். கையில் 600 வெள்ளி. மனைவி கேஸ் என்கிறார், எனக்குப் புகைவாசம் வேண்டும். இன்னொன்று, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி எங்கள் சுவரை ஒட்டியே இருக்கிறது. எதை எடுப்பது?

கரிச்சட்டி:

தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலில் முதலில் நிற்பது கோழி. பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

ஸ்மோக்கர் என்று தனியாக விற்கிற உருளையும் பெட்டியும் 105 முதல் 125 டிகிரிக்குள் மணிக்கணக்காக நிற்பதற்காகவே செய்தவை. மாட்டு நெஞ்சுக்கறி, பன்றித் தோள், ஆட்டுத் தோள் போன்ற துண்டுகளுக்கு அது பொருந்தும். அவற்றில் இருக்கும் கொலாஜன் (கறியை விறைப்பாக்கும் இணைப்புத் திசுப் புரதம்) உருகக் குறைந்த சூடும் நீண்ட நேரமும் வேண்டும். கோழிக்கு இதெல்லாம் தேவையில்லை. 110 டிகிரியில் கோழியை வைத்தால் கறி வேகும், ஆனால் தோல் மொறுமொறுப்பாகாமல் பல்லில் இழுபடும். கோழிக்கு 170, 180 வேண்டும். அப்படியானால், மாதக்கணக்கில் சும்மா நிற்கப்போகிற ஒன்றுக்கு ஏன் காசு கொடுப்பது?

உருண்டை கெட்டில் இரண்டு வேலையும் செய்யும். 1952ல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் செய்துகொண்டிருந்த மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி, மூடியும் கால்களும் பொருத்திச் செய்தது அது. வெபர் கெட்டிலின் பூர்வீகம் அதுதான். மூடிதான் அதில் விசேஷம். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து மூடினால் அதுவே ஓவன். கரியோடு இரண்டு மரத்துண்டு போட்டால் ஸ்மோக்கர். மூடியைத் திறந்து தணலுக்கு நேர்மேலே வைத்தால் சாதாரண கிரில்.

57 செ.மீ. எடுங்கள்.

ஆபீஸ்முடிந்து:

அண்ணன் சொல்வதெல்லாம் சனி ஞாயிறுக்குச் சரி. செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு வீட்டுக்கு வந்தபிறகு யார் கரி பற்றவைப்பது? சிம்னியில் (கரியை நிரப்பி அடியில் தீ வைக்கும் உலோக உருளை) கரி தணலாகவே இருபது முப்பது நிமிடம். கேஸில் பத்து நிமிடத்தில் கம்பி சூடாகிவிடும், கோழித்தொடை எட்டரைக்குத் தட்டில் இருக்கும். சாம்பல் அள்ளவும் வேண்டாம். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ்தான், வாரத்தில் இரண்டு நாளாவது எரிகிறது. கரி அடுப்பு வைத்திருக்கும் நண்பர்கள் வீட்டில் அது தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும்தான் வெளியே வருகிறது.

புகைவாசமும் கொஞ்சம் வரும். மரச்சிப்ஸை அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, நாலு துளை போட்டு, ஒரு பர்னர்மேல் வைத்து மூடினால் போதும். கரிக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாங்குவதற்குமுன் ஒரு விஷயம் பாருங்கள். வீட்டில் குழாய் வழியாக வருவது நகர எரிவாயுவாக இருந்தால் அதில் இந்த கிரில்லை இணைக்க முடியாது. அதில் ஹைட்ரஜன் கணிசமாக இருக்கிறது, வெப்பத்திறனும் எல்பிஜியைவிடக் குறைவு, பர்னர் துளையின் அளவே வேறு. கடையில் விற்கும் கிரில்கள் பெரும்பாலும் எல்பிஜி சிலிண்டருக்கானவை. ஆகவே தனியாக சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் என்று செலவு கூடும். விற்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

சிராங்கூன்_புதுசு:

அக்கா, குழாய் கேஸ்தான் எங்களுடையது. கேட்டது நல்லதாகப் போயிற்று. மனைவி இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மின்சார கிரில்?" என்கிறார்.

கரிச்சட்டி அண்ணா, மூன்று பேருக்கு 57 பெரிதில்லையா? 37 செ.மீ. குட்டி ஒன்றும் இருக்கிறதே, விலையும் பாதிக்குக் கீழே.

கரிச்சட்டி:

ஆள் எண்ணிக்கையை வைத்து அளவு பார்ப்பது கரி அடுப்புக்குப் பொருந்தாது. இதை எல்லாரும் கேட்கிறார்கள், கடைக்காரர்களும் "இரண்டு மூன்று பேருக்கு இது போதும்" என்று குட்டியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

கணக்கு இப்படி. மறைமுகச் சூட்டில் சமைக்க அடுப்பின் பாதி காலியாக இருக்க வேண்டும். ஒரு பாதி கரிக்கு, மறுபாதி கறிக்கு. 37 செ.மீ. வட்டத்தில் பாதி என்றால் முழுக்கோழியின் ஒரு பக்கம் தணலுக்கு மேலேயே போய்விடும். அந்தப் பக்கம் கருகும், இந்தப் பக்கம் வேகாது. சத்தே (குச்சியில் கோத்த கறி), சிறகு, சோளம் மட்டும் சுடுவீர்கள் என்றால் குட்டி அருமையான அடுப்பு, பூங்காவுக்கும் தூக்கிப் போகலாம். முழுக்கோழி வேண்டும் என்றால் 47தான் ஆரம்பம். எலும்போடு முழு ஆட்டுத் தொடை வேண்டும் என்றால் 57. நீங்கள் வாங்குவது அந்தக் காலி இடத்தைத்தான்.

பெரிய அடுப்பு வாங்கினால் கரி நிறையக் கொட்ட வேண்டும் என்பதும் இல்லை. மூன்று பேர் சாப்பாட்டுக்கு சிம்னியில் பாதிக் கரி போதும், அதை ஓரமாக ஒதுக்கி வைத்தால் ஆயிற்று.

ஆட்டுத் தோளுக்குப் பாம்பு அடுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. ப்ரிக்கெட் கரியை (தூளை அழுத்திச் செய்த ஒரே அளவுக் கட்டி) அடுப்பின் உட்சுவரை ஒட்டி இரண்டு கீழே, இரண்டு மேலே என்று வரிசையாக அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடுக்க வேண்டும். முதல் பாதியில் அங்கங்கே மூன்று நாலு மரத்துண்டு. ஒரு முனையில் மட்டும் தணலான ஆறேழு கரி. அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானே நகர்ந்து எரியும். நடுவில் தண்ணீர்த் தட்டு. கீழ்த்துளையைக் கால்வாசி மட்டும் திறந்து வைக்கிறேன், மேல்துளையை முழுவதும். பல மணிநேரம் 110, 120ல் நிற்கும். மேல்துளையை மூடிச் சூட்டைக் குறைக்காதீர்கள், புகை உள்ளே தேங்கிக் கறி கசக்கும்.

மண்முட்டை:

கெட்டில் புராணம் முடிந்ததா? இப்போது நான்.

பீங்கான் அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. கமாடோ என்று ஜப்பானியப் பெயரில் விற்பது. சின்னக் குடும்பத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது என்பது என் கட்சி. தடித்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஒரு கூடைக் கரியில் காலையிலிருந்து மாலைவரை ஓட்டலாம். சமைத்து முடித்ததும் மேலும் கீழும் துளையை மூடினால் தணல் அணைந்துவிடும், மிச்சக் கரியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். காற்றோட்டம் குறைவு என்பதால் கறி காயாது. 110லும் நிற்கும், 350க்கும் போகும், நாண் ரொட்டிகூட அதில்தான் சுடுகிறேன். துருப்பிடிக்காது, நம் ஊர் மழைக்கு அது பெரிய விஷயம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சூடு ஒருமுறை ஏறிவிட்டால் இறங்க வெகுநேரம் ஆகும். ஆகவே மெதுவாக ஏற்ற வேண்டும். கீழே விழுந்தால் உடையும். எடை, சொல்லவே வேண்டாம்: பிக் கிரீன் எக்கின் மினிமேக்ஸ் என்ற சின்ன அளவே 35 கிலோ பக்கம். 600 வெள்ளிக்குள் நல்ல பெயருள்ளது கிடைக்காது.

கரிச்சட்டி:

மண்முட்டை தம்பி சொன்ன கடைசி வரியை முதல் வரியாகப் படிக்கவும். வாடகை வீடு, 600 வெள்ளி. அடுத்த வீடு மாறும்போது 35 கிலோ பீங்கானை யார் தூக்குவது?

மண்முட்டை:

லாரிக்காரர். 😄 சரி, வாடகை வீடு என்பதைக் கவனிக்கவில்லை. அவர் கெட்டிலே எடுக்கட்டும். சொந்த வீடு வாங்கியதும் என்னிடம் வரட்டும்.

வயர்மேன்:

மின்சாரத்தைக் கேட்டார்களே, அதற்கு வருகிறேன்.

இங்கே 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக். பெருக்கினால் 3000 வாட்டுக்குச் சற்றுக் கீழே. மேசைமேல் வைக்கும் மின்சார கிரில் பெரும்பாலும் 2000, 2400 வாட். நேரடியாகச் சுவர் பிளக்கில் போடுங்கள், மெல்லிய நீட்டிப்பு வயரில் வேண்டாம். அதே வயரில் கேத்தலும் மாட்டினால் வயர் சூடாகும்.

அமெரிக்க இணையக் கடையில் மின்சார ஸ்மோக்கரும் பெல்லட் கிரில்லும் தள்ளுபடியில் தென்படும். அவை 120 வோல்ட். நேரே மாட்டினால் போயிற்று. டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அந்த வாட்டுக்கு அது கனத்த பெட்டி, விலையும் உத்தரவாதமும் தலைவலி. 230 வோல்ட்டுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள்.

பெல்லட் கிரில் நல்ல யோசனைதான். மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகளைத் திருகு ஒன்று தானாகத் தீக்கு ஊட்டும், விசிறி காற்று கொடுக்கும், சூட்டை எண்ணில் வைத்துவிட்டுத் தூங்கலாம். ஆனால் இந்த ஊர் ஈரப்பதத்தில் அந்த உருளை தண்ணீரை உறிஞ்சி மறுபடி தூளாகிவிடும். பையைத் திறந்தால் இறுக்கமான டப்பாவில் கொட்டி வையுங்கள், கிரில்லின் தொட்டியில் வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஈரத்தூள் திருகில் இறுகினால் பிரித்தெடுப்பது பெரிய வேலை. மூன்று பேர் வீட்டில் வாரம் ஒருமுறைகூட ஓடாது என்றால் நான் பெல்லட் சொல்லமாட்டேன்.

ஈசூன்_12வதுமாடி:

தரைவீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டு ஏங்கிக்கொண்டிருக்கிறேன். 😅 நாலறை வீவக வீடு, இரண்டு பேர். எங்களுக்கு ஏதாவது வழி உண்டா? வீட்டு வாசலில் தாழ்வாரம் அகலமாக இருக்கிறது, கடைசி வீடு, யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. சின்ன கரி அடுப்பு ஒன்று வைத்து, ஞாயிறு மத்தியானம் மட்டும்...

மட்டுறுத்துநர்:

தாழ்வாரம் வேண்டாம். அது தீ நேர்ந்தால் எல்லாரும் தப்பி ஓடும் வழி, 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. கடைசி வீடு என்றாலும் அது பொது இடம்தான்.

வீட்டுக்குள்ளும் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், ஜன்னல் திறந்திருந்தாலும். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது, தலைசுற்றும்போது தாமதமாகியிருக்கும். மழை வந்தது என்று பாதி எரிந்த அடுப்பைச் சமையலறைக்குள் இழுத்து வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த இழையில் அதற்கான யோசனை எழுதினால் நீக்குவேன். மற்றபடி தொடருங்கள்.

தேக்காக்கூடை:

ஈசூன் தம்பி, கவலை வேண்டாம், கடாய் இருக்கிறது.

பழைய இரும்புக் கடாய் எடுத்து உள்ளே அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் ஒரு கைப்பிடி பச்சரிசி, இரண்டு கரண்டி சர்க்கரை, இரண்டு கரண்டி தேயிலை. சீனர்கள் வாத்துக்கு இப்படித்தான் தேயிலைப் புகை போடுவார்கள். மேலே ஒரு கம்பித் தட்டு, அதில் முன்பே முக்கால்வாசி வேகவைத்த கோழியோ மீனோ பனீரோ. அடுப்பைக் கூட்டி, புகை இழையிழையாக எழுந்ததும் மூடியைப் போட்டு, ஓரத்தைத் தாளால் மடித்து அடைத்து, தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். அணைத்து இன்னொரு பத்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். புகைபோக்கி விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அவித்த முட்டையை உரித்து இதில் வைத்துப் பாருங்கள், அப்புறம் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

புகை கறியை வேகவைக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பச்சைக் கோழியைப் பத்து நிமிடப் புகையில் வைத்து எடுத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

வீடு புதியது என்றால் தீ எச்சரிக்கைக் கருவி இருக்கும், 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் அது கட்டாயம். அது கத்தினால் கழற்றி வைக்காதீர்கள், மூடியின் ஓரத்தை இன்னும் இறுக்கமாக அடையுங்கள்.

ஈசூன்_12வதுமாடி:

அக்கா, இது போதுமே! முட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிஜத் தணல் வேண்டும் என்றால் பூங்காதான், இல்லையா? அங்கே இருக்கும் அடுப்புக்கு மூடி கிடையாதே.

ஆபீஸ்முடிந்து:

பெரிய அலுமினியத் தட்டைக் கவிழ்த்து மூடினால் அதுதான் மூடி. தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட், செம்பவாங் எல்லாம் இருக்கும். ஈசூனிலிருந்து உங்களுக்குச் செம்பவாங்தான் பக்கம். பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பது கஷ்டம், சாதாரண வாரநாள் மாலை என்றால் பாடு இல்லை. சொந்தமாக ஒரு கம்பி வலை கொண்டுபோங்கள், முன்னவர்கள் விட்டுப்போன எண்ணெயைச் சுரண்டுவதிலேயே ஒருமணி நேரம் போய்விடும்.

சிராங்கூன்_புதுசு:

எனக்கு இப்போது 57 கெட்டில் பக்கம் மனம் போய்விட்டது. மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன், "வாரநாளில் உன் அம்மாவும் நானும் பசியோடு காத்திருக்க மாட்டோம்" என்று ஒரே நிபந்தனை. நியாயம்தான்.

இன்னும் மூன்று கேள்வி. எந்தக் கரி? பக்கத்து வீட்டுத் துணிக்கு என்ன செய்வது? தகரக் கூரைக்குக் கீழே வைக்கலாமா?

கரிச்சட்டி:

கூரை முதலில். வேண்டாம். மழைக்கு ஒதுங்க ஆசையாக இருக்கும், ஆனால் கொழுப்பு தணலில் விழுந்து தீ எழும்பினால் மேலே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். புகையும் கூரைக்கடியில் தேங்கி நேரே வீட்டுக்குள் வரும். திறந்தவெளியில், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். தூறலுக்கு மூடி போட்ட கெட்டில் தாங்கும். இடி மின்னல் என்றால் நீங்கள் உள்ளே போங்கள், அடுப்பு அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வாடகை ஒப்பந்தத்தில் கரி அடுப்பு கூடாது என்று எழுதியிருக்கலாம்.

கரி. இங்கே மளிகைக்கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சதுப்புநில மரத்துக் கட்டைக்கரி. பேராக் மாநிலத்துக் குவாலா செபெத்தாங் சூளைகள் அதற்குப் பெயர்போனவை. சூடு நன்றாக ஏறும், நேரடியாகச் சுட அருமை, ஆனால் துண்டுகள் ஒரே அளவாக இருக்காது, சில நேரம் பொறி பறக்கும். பாம்பு அடுக்குக்கு அது ஒத்துவராது, ஒரே அளவான ப்ரிக்கெட் வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் செய்த கட்டி கிடைத்தால் எடுங்கள், புகை குறைவு, நீண்ட நேரம் நிற்கும். தீக்குச்சி காட்டியதும் பற்றிக்கொள்ளும் ரெடிமேட் கரி மட்டும் வேண்டாம், அதில் ஏற்றியிருக்கும் எரிபொருள் வாசம் கறியில் ஏறும். சிம்னி ஒன்று வாங்கி, அடியில் காகிதத்தைக் கசக்கிப் போட்டுப் பற்றவையுங்கள்.

புகைக்கு மரம் பொட்டலமாகக் கிடைக்கும். ஆப்பிள், செர்ரி என்றால் மென்மை, ஹிக்கரி கொஞ்சம் அழுத்தம். ஆட்டுக்கு நான் செர்ரிதான். தெருவோரம் கிடக்கும் மரப் பலகை, பழைய சாமான் பெட்டி எதையும் எரிக்காதீர்கள், பெயிண்டும் பூச்சி மருந்தும் ஏறியிருக்கும்.

தேக்காக்கூடை:

துணிக்கு நான் பதில் சொல்கிறேன். எந்த நாளில் துணி காயப்போடுவார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதைத் தவிர்த்து வேறு நாளில் மாலை நேரம் பற்றவையுங்கள். முதல் தடவை பற்றவைக்கும்முன் நேரில் போய்ச் சொல்லுங்கள், முடிந்ததும் ஒரு தட்டு கோழி கொடுத்தனுப்புங்கள் (அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டு!).

புகையின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளையாகத் தடியாக வந்தால் மரம் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அது துணிக்கும் கேடு, கறிக்கும் கசப்பு. கரி நன்றாகச் சாம்பல் பூத்த பிறகு மரத்தைப் போட்டால் மெல்லிய நீலப் புகைதான் வரும், சில நேரம் கண்ணுக்கே தெரியாது. நல்ல புகை அதுதான். மரச்சிப்ஸைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், தேவையில்லை. முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாகும், அதுவரை வெள்ளைப் புகைதான்.

கறிக்கு வருவோம். தேக்கா சந்தையில் ஆட்டுத் தோளை எலும்போடு, முழுதாக, வெட்டாமல் கேளுங்கள். பழக்கத்தில் கறிக்குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். இஞ்சி, பூண்டு, தயிர், உப்பு தடவி ஓர் இரவு குளிர்பெட்டியில். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் நேரடித் தணலில் கருகிக் கசக்கும், ஆகவே மறைமுகச் சூட்டில்தான் மசாலாக் கறி. சர்க்கரை, தேன், கெச்சப் உள்ள சாஸ் எதுவானாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவினால் போதும்.

வயர்மேன்:

தெர்மாமீட்டரை யாரும் சொல்லவில்லை. மூடியில் இருக்கும் முள் காட்டுவது மூடிக்கடியில் உள்ள சூடு, கறி இருக்கும் இடத்துச் சூடு இல்லை. இரண்டு கம்பியுள்ள டிஜிட்டல் ஒன்று வாங்குங்கள், ஒன்று கம்பித் தட்டில், ஒன்று கறியின் நடுவில். கோழி 74 டிகிரி தொட்டால் எடுக்கலாம், தொடை இன்னும் கொஞ்சம் ஏறினாலும் நல்லதே. ஆட்டுத் தோள் பிய்ந்து வர வேண்டும் என்றால் 90ஐத் தாண்ட வேண்டும். 600 வெள்ளியில் இதற்கு ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

மண்முட்டை:

அதோடு ஓர் எச்சரிக்கை. பெரிய துண்டு 65, 70 டிகிரி பக்கம் வந்ததும் ஏறாமல் அப்படியே நிற்கும். ஒருமணி நேரம், இரண்டு மணி நேரம்கூட. அடுப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கரியைக் கொட்டாதீர்கள். கறியிலிருந்து ஈரம் ஆவியாகி, ஏறுகிற சூட்டைத் தின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பொறுமை இல்லையென்றால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள், ஆவி வெளியே போகாது, மறுபடி ஏறும். விருந்தாளி ஏழு மணிக்கு என்றால் கறி ஐந்தரைக்குத் தயாராகும்படி ஆரம்பியுங்கள். சுற்றி, துண்டில் பொதிந்து, காலி ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் சூடு நிற்கும்.

சிராங்கூன்_புதுசு:

எல்லாருக்கும் நன்றி. 57 கெட்டில், சிம்னி, இரண்டு கம்பி தெர்மாமீட்டர் மூன்றையும் எடுக்கிறேன். வாரநாளுக்கு மனைவி பெயரில் ஒரு மேசை மின்சார கிரில், அது பிறகு. வீட்டுக்காரர் "சுவரில் கரி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா பக்கம் ஒரு கேள்வி மிச்சம். வெள்ளிக்கிழமை அதே கம்பியில் சுட்டால் சாப்பிடமாட்டார்.

தேக்காக்கூடை:

தனிக் கம்பித் தட்டு ஒன்று வாங்கி அதில் அடையாளம் கட்டி, வேறிடத்தில் மாட்டி வையுங்கள். ஆனால் கத்தரிக்காய்க்குக் கம்பியே வேண்டாம். பெரிய கத்தரிக்காயை நாலு இடத்தில் குத்தி, நேரே தணல்மேல் போட்டுப் புரட்டுங்கள். தோல் முழுக்கக் கருகி உள்ளே குழைந்ததும் உரித்து, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கடுகு தாளித்துக் கொத்சு. பனீர், குடைமிளகாய், அன்னாசி கம்பியில் கோத்துச் சுடலாம்.

பருப்புக்கும் ஒரு வழி உண்டு. சட்டி நடுவில் சின்னக் கிண்ணம், அதில் ஒரே ஒரு சிவந்த கரித்துண்டு, அதன்மேல் ஒரு சொட்டு நெய், உடனே மூடி மூன்று நிமிடம். கரித்துண்டை வெளியே அடுப்பிலிருந்தே எடுங்கள், சட்டியையும் வெளியிலேயே வைத்து மூடுங்கள், மட்டுறுத்துநர் என்னைத் திட்டாமல் இருக்க. 🙂

மட்டுறுத்துநர்:

வெளியில் என்றால் திட்டமாட்டேன்.

ஈசூன்_12வதுமாடி:

தேயிலைப் புகை முட்டை வெற்றி! கருவி கத்தவில்லை. அடுத்தது பனீர்.

சிராங்கூன்_புதுசு:

அடுப்பு வந்துவிட்டது, பொருத்தியும் ஆயிற்று. சாம்பலை என்ன செய்வது? உறை வாங்க வேண்டுமா?

கரிச்சட்டி:

சாம்பலை அன்றே கொட்டாதீர்கள். மேலே ஆறியது மாதிரி இருந்தாலும் நடுவில் தணல் உயிரோடு இருக்கும். துளைகளை மூடிவிட்டு மறுநாள் காலை ஒரு மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, தண்ணீர் தெளித்து, அது முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் குப்பைப் பை. அடுப்புக்குள் சாம்பலை வாரக்கணக்கில் விட்டால் நம் ஈரப்பதத்தில் அது களியாகி அடித்தட்டை அரிக்கும், கெட்டில் துருப்பிடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். கம்பித் தட்டைச் சூடாக இருக்கும்போதே பிரஷால் தேய்த்து எண்ணெய் தடவி வையுங்கள்.

உறை வாங்குங்கள், ஆனால் அடுப்பு முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கழற்றி உள்ளே காற்றாட விடுங்கள். உறைக்குள் தேங்கும் ஈரம் மழையைவிட மோசம். 57க்கென்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், 47க்கான உறை அதில் ஏறாது.